ரமணரும் அவர் கையில் வந்த கட்டியும்

ரமண மகரிஷியின் ஆராதனை வருகிற காலாண்டு இது. செங்கம் சாலையில் ஆசிரம வாசலைத் தாண்டாமல் நம்மில் பலருக்கு ஒரு நாள் போகாது. அவரது வரலாறும் ஓரளவு எல்லோருக்கும் தெரியும். மதுரையில் மரணத்தை நேருக்கு நேர் சந்தித்த பையன், வீட்டை விட்டு ஓடி வந்தது, குகை, மௌனம், பிறகு ஆசிரமம். ஆனால் அவர் இறந்தது புற்றுநோயால் என்பது நம் குடியிருப்பிலேயே பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஏறக்குறைய பதினாறு மாதங்கள் அவர் அந்த நோயோடு வாழ்ந்தார். இன்று ஒரு வீட்டில் புற்றுநோய் வந்தால் நடப்பதெல்லாம் அன்று அந்த ஆசிரமத்திலும் நடந்தது. அறுவை சிகிச்சை, மறுபடி வந்த கட்டி, ஆளுக்கொரு வைத்தியம், அழுகை, வேண்டுதல், வாக்குவாதம் எல்லாம் உண்டு.

நமது உடல்நலப் பக்கத்துக்கு இந்த முறை புற்றுநோயாளிகளுக்கு வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் செய்யக்கூடிய துணைக் கவனிப்பு என்பது பொருள். அதைக் குறிப்புகளாக அடுக்குவதைவிட, நம் ஊரிலேயே நடந்த ஒரு வாழ்க்கையின் வழியாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

திருச்சுழியிலிருந்து அண்ணாமலைக்கு

வேங்கடராமன் பிறந்தது 1879 டிசம்பர் 30, திருச்சுழியில். இன்று அது விருதுநகர் மாவட்டம். தந்தை சுந்தரம் ஐயர் அந்த ஊரில் வழக்குகளைப் பார்த்தவர். தாய் அழகம்மாள். பையனுக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தை இறந்தார். அண்ணனும் இவரும் மதுரையில் சித்தப்பா சுப்பையரின் வீட்டுக்கு வந்தார்கள். சொக்கப்ப நாயக்கன் தெருவில் இருந்த அந்த வீட்டில்தான், 1896 ஜூலையில், பதினாறு வயதில், உடம்பில் எந்த நோயும் இல்லாதபோதே மரணபயம் அவரைப் பிடித்தது. தரையில் படுத்து, உடல் செத்தால் சாவது யார் என்று தனக்குள் பார்த்தார். எழுந்தபோது பயம் போய்விட்டிருந்தது. அவரது பிற்காலப் போதனை எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தவை.

அடுத்த மாதம் 29-ந் தேதி, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினார். ரயிலும் நடையுமாக வந்தவர், வழியில் கீழூரில் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். திருக்கோவலூரில் ரயிலேறி, செப்டம்பர் 1 காலையில் அண்ணாமலையார் கோயிலுக்குள் நுழைந்தார். அய்யங்குளத்தில் மீதிக் காசை எறிந்தார். அதற்குப் பிறகு 54 ஆண்டுகள் இந்த ஊரை விட்டு அவர் போகவே இல்லை.

முதலில் ஆயிரங்கால் மண்டபம், பிறகு அதன் கீழே பாதாள லிங்கம். அங்கே பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியும் அறியாமல் உட்கார்ந்திருந்தார். சேஷாத்திரி சுவாமிகள் அவரைக் காத்தார். பின்னர் குருமூர்த்தம், பவழக்குன்று, 1899 முதல் மலையில் விரூபாட்ச குகை, 1916 முதல் கந்தாசிரமம். 1907-ல் காவ்யகண்ட கணபதி முனி அவருக்கு ரமண மகரிஷி என்ற பெயரைச் சூட்டினார்.

நோயாளியின் அருகில் இருந்தவர்

அவரது வாழ்க்கையைச் சொல்லும்போது நாம் அதிகம் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. தானே நோயாளி ஆவதற்கு வெகுகாலம் முன்பே, நோயாளிகளின் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவராக அவர் இருந்தார்.

1914-ல் மகனைப் பார்க்க வந்த அழகம்மாளுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. துறவி என்று ஒதுங்கி நிற்காமல் அவரே கூட இருந்து தாயைக் கவனித்துக்கொண்டார். 1916-ல் தாய் நிரந்தரமாக வந்து சேர்ந்தார். கந்தாசிரமத்தில் அடுப்பு எரிய ஆரம்பித்தது அப்போதுதான். அதுவரை பிச்சைச் சோறுதான். 1922 மே 19-ந் தேதி தாயின் கடைசி நாள். மகன் ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி, இரவு சுமார் எட்டு மணிக்கு மூச்சு அடங்கும்வரை பக்கத்தை விட்டு எழவில்லை. அந்தச் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது.

1948 ஜூன் 18-ல் ஆசிரமத்துப் பசு லட்சுமி இறந்தபோதும் அப்படியே. 1926-ல் கன்றுக்குட்டியாக வந்த பசு அது. தொழுவத்துக்குப் போய் அதன் தலையைத் தடவியபடி உட்கார்ந்தார். தாய்க்கு ஒரு விதம், பசுவுக்கு ஒரு விதம் என்று இல்லை. மருந்து கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இவர் வேலை, தொட்டுக்கொண்டு அருகில் இருப்பது.

ஆசிரமத்து அன்றாடம்

ஆசிரம வாழ்க்கை ஒரு கடிகாரம் போல ஓடியது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, பல ஆண்டுகள் அவர் சமையலறையில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். கீரைத் தண்டையும் காய்த் தோலையும்கூட வீணாக்க விடமாட்டார். சாப்பாட்டுக்கு எல்லோருடனும் பந்தியில் உட்காருவார். தனக்கென்று ஒரு கரண்டி அதிகம் விழுந்தால் ஏற்கமாட்டார். எல்லோருக்கும் தர முடியாத பலகாரமோ டானிக்கோ தனக்கு வேண்டாம் என்பது அவர் கடைசிவரை விடாத வழக்கம். மலைப்பக்கமும் பலாக்கொத்துப் பக்கமும் தினமும் நடை. காலையும் மாலையும் வேத பாராயணம். தபால் வந்தால் கடிதங்களைப் பார்ப்பார், செய்தித்தாள் படிப்பார். அணிலுக்கு நிலக்கடலை, மயிலுக்குத் தீனி. ஹாலின் கதவு யாருக்கும் திறந்தே இருந்தது.

பால் பிரண்டன் 1934-ல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு வெளிநாட்டாரும் வர ஆரம்பித்தார்கள். கூட்டம் பெருகியது. ஆனால் அன்றாடம் மாறவில்லை.

இதை இங்கே விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று மருத்துவர்கள் நல்ல வாழ்க்கை முறை என்று எழுதிக் கொடுப்பதில் பெரும்பகுதி அவரிடம் இருந்தது. எளிய சைவ உணவு, அளவான சாப்பாடு, தினசரி நடை, அதிகாலை எழுதல், அலைபாயாத மனம். அப்படி வாழ்ந்தவருக்குத்தான் கட்டி வந்தது.

முழங்கைக்குக் கீழே

1948-ன் கடைசியில் இடது முழங்கைக்குக் கீழே ஒரு சிறிய கட்டி தெரிந்தது. வலி பெரிதாக இல்லை. 1949 பிப்ரவரி 9-ந் தேதி டாக்டர் சங்கர ராவ் அதை ஆசிரமத்திலேயே அறுத்து எடுத்தார். ஒரு மாதத்துக்குள் அதே இடத்தில் மறுபடி வளர்ந்தது. மார்ச் 17-ந் தேதிதான் தாயின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயில் கும்பாபிஷேகம். ஊரெல்லாம் திரண்டிருந்த அந்த நாட்களில் கையில் கட்டோடுதான் அவர் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 27-ல் சென்னையிலிருந்து வந்த அறுவை மருத்துவர் ராகவாச்சாரி இரண்டாம் அறுவை சிகிச்சை செய்தார். ரேடியம் சிகிச்சையும் தரப்பட்டது. வந்தது சர்கோமா என்று தெரிந்தது. சதை, கொழுப்பு, எலும்பு போன்ற திசுக்களில் தோன்றும் புற்றுநோய் வகை இது. மற்றப் புற்றுநோய்களைவிட அபூர்வமானது. ஓர் இழை மிஞ்சினாலும் அதே இடத்தில் திரும்ப வளரக்கூடியது.

கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் யோசனை சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றார். ஆகஸ்ட் 7-ல் மூன்றாவது, டிசம்பர் 19-ல் நான்காவது அறுவை சிகிச்சை. அதற்கு மேல் கத்தி வைப்பதில் பயனில்லை என்று மருத்துவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். புற்றுநோய்க்கு மருந்தே உண்டு என்று காட்டும் முதல் முயற்சிகள் அப்போதுதான் நடந்துகொண்டிருந்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைச் சிறிது காலம் அடக்க முடிகிறது என்று அமெரிக்காவில் சிட்னி ஃபார்பர் எழுதியது 1948-ல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது 1954-ல். ரமணருக்குக் கட்டி வந்தபோது அறுவையும் ரேடியமும்தான் கையில் இருந்தவை.

ஆளுக்கொரு மருந்து

கட்டி மறுபடி வந்ததும் ஆசிரமத்தில் நடந்தது நம் எல்லோருக்கும் தெரிந்த காட்சிதான். வந்தவர் ஒவ்வொருவரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. கிராமத்து வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டினார். காலை வெயிலில் புண்ணைக் காட்டச் சொன்னார்கள். ஹோமியோபதி மருத்துவர் ஒருவர் வந்தார். கேரளத்திலிருந்து ஆயுர்வேத வைத்தியர் வந்தார். வங்காளத்திலிருந்து கவிராஜ் ஒருவர் வந்தார். ஒருவர் மருந்து பலிக்காமல் போனதும் அடுத்தவர் முறை.

ரமணர் இவற்றில் எதையும் தேடிப் போகவில்லை, எதையும் விரட்டவும் இல்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார், கட்டச் சொன்னதைக் கட்டிக்கொண்டார். கட்டி வந்தது போலவே போகட்டும் என்பதுதான் அவர் மனநிலை. ஆனாலும் ஏன் எல்லாவற்றுக்கும் கையை நீட்டினார்? உடனிருந்தவர்கள் எழுதி வைத்ததைப் படித்தால் ஒன்று விளங்குகிறது. மருந்து அவருக்காக அல்ல, கொடுப்பவர்களுக்காக. எதையாவது செய்தால்தான் அவர்களால் அன்றைய பொழுதைக் கடக்க முடிந்தது.

இதை நாம் இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். அவரது பரிவு பெரியது. ஆனால் நம் வீட்டு நோயாளியிடம் அந்தப் பரிவை நாம் கேட்டு வாங்கக் கூடாது. கீமோவில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர், நாம் கொண்டுவந்த கஷாயத்தை நம் முகத்துக்காகக் குடிக்க வேண்டியதில்லை. அவர் ஞானி அல்ல. அவருக்கு அந்தச் சுமை தேவையில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ரமணருக்கு அறுவையும் ரேடியமும் முதலில் வந்தன. பச்சிலையும் ஹோமியோபதியும் அவற்றுக்கு நடுவிலும் பிறகும் வந்தவை. இன்று பலர் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 2004 முதல் 2013 வரை நோய் கண்டறியப்பட்டு, நோய் பரவாத நிலையில் மாற்று வைத்தியத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டு 2018-ல் எழுதினார்கள். மாற்று வைத்தியம் மட்டும் எடுத்தவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்தது. குணமாகக்கூடிய கட்டத்தை அவர்கள் தவறவிட்டார்கள் என்பதே இதன் பொருள்.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் முள் சீத்தாப்பழச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமை என்று வரும். ஆய்வுக்கூடக் கண்ணாடிக் கிண்ணத்தில் புற்றுச் செல்கள் சிலவற்றை அதன் சாறு அழித்தது உண்மை. மனிதருக்கு அது புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. கரீபியன் தீவான குவாதலூப்பில் அதை அதிகமாக உட்கொண்டவர்களிடம் ஒருவகை நடுக்குவாத நோய் காணப்பட்டதை ஒட்டி, பழத்தின் மேலேயே ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. பழத்தை ஆசைக்கு ஒரு துண்டு சாப்பிடுவது வேறு. மருந்து என்று தினமும் இலைக் கஷாயம் குடிப்பது வேறு.

திறந்திருந்த கதவு

நான்காம் அறுவைக்குப் பிறகு ரத்தசோகை, எடைக்குறைவு, தோள் பக்கத்தில் புதிய கட்டி. 1950 ஜனவரியில் எழுபதாவது ஜயந்தி கொண்டாடினார்கள். அப்போதும் அவர் வந்து உட்கார்ந்தார். பிறகு நடக்க முடியாமல் போய், ஆசிரமத்தின் ஒரு சிறிய அறையில் படுத்தார். இன்றும் அந்த அறையை நாம் பார்க்கலாம்.

வலி இருந்தது. இல்லையென்று அவர் மறைக்கவில்லை. தூக்கமில்லாத இரவுகளை அருகில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஆனால் தரிசனம் நிற்கவில்லை. மருத்துவர்கள் கூட்டத்தைக் குறைக்கச் சொன்னார்கள். காலையும் மாலையும் மக்கள் அறை வாசலைக் கடந்து வரிசையாகப் போய்க்கொண்டேயிருக்க ஏற்பாடு ஆயிற்று. நின்று பேசக் கூடாது, ஒரு கணம் பார்த்துவிட்டு நகர வேண்டும். நோயாளிக்கும் ஓய்வு, வந்தவருக்கும் மனநிறைவு. யாரோ நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு அது. கடைசி நாட்களிலும் மயில்களுக்குத் தீனி வைத்தாயிற்றா என்று அவர் விசாரித்ததாக உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1950 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. அன்று மாலையும் தரிசனம் நடந்தது. பிறகு மூச்சு சிரமப்பட்டது. ஆக்ஸிஜன் வைத்தார்கள், கையசைத்து வேண்டாம் என்றார். எழுந்து உட்கார வைக்கச் சொன்னார். வெளியே திண்ணையில் பக்தர்கள் அவர் இயற்றிய அருணாசல அட்சரமணமாலையைப் பாட ஆரம்பித்தார்கள். அவர் கண் திறந்தார், ஓரத்தில் நீர் வழிந்தது. இரவு 8.47-க்கு மூச்சு நின்றது. அந்த நேரத்தில் வானில் ஓர் எரிநட்சத்திரம் மெதுவாக நகர்ந்ததைப் பலர் கண்டார்கள். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன் அப்போது இங்கேதான் இருந்தார், அவரும் பார்த்தார்.

நம் காலத்துக்கு

கையை எடுக்க அவர் மறுத்ததை வைத்து, அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அவர் வயது எழுபதை ஒட்டி இருந்தது, நோய் இரண்டு முறை திரும்பியிருந்தது, எல்லாம் தெரிந்து அவர் எடுத்த முடிவு அது. இன்று சர்கோமா வந்த பலருக்குக் கையையோ காலையோ எடுக்காமலே அறுவையும் கதிர்வீச்சும் சேர்த்துச் சிகிச்சை செய்ய முடிகிறது. வலியில்லாத கட்டி என்று விட்டுவிடாதீர்கள். கட்டி வளர்ந்துகொண்டே போனால், அல்லது எடுத்த இடத்தில் மறுபடி வந்தால், உடனே காட்டுங்கள். அறுப்பதற்கு முன்பே ஊசி மூலம் திசு எடுத்துப் பரிசோதிப்பது முக்கியம் என்று இன்றைய மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

வலி விஷயத்தில் நாம் 1950-ல் இல்லை. மார்ஃபின் மாத்திரையை முறையாகக் கொடுத்தால் புற்றுநோய் வலியைப் பெரும்பாலானோருக்கு அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வழிமுறை வகுத்தது. வலிதணிப்புச் சிகிச்சை என்பது கைவிட்ட பிறகு தருவது அல்ல, சிகிச்சையின் முதல் நாளிலிருந்தே கேட்கக்கூடியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் வலிதணிப்புக் கவனிப்பும் பிசியோதெரபியும் உண்டு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம்.

துணைக் கவனிப்பில் உண்மையாகவே பலன் தருவது எது? முதலில் நடை. சிகிச்சையால் வரும் களைப்புக்குப் படுக்கையைவிட அளவான நடை நல்லது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2019-ல் தந்த பரிந்துரை, வாரம் மூன்று நாள், நாளுக்கு அரைமணி. முடியாதவர் நம் பிளாக்கின் வராண்டாவில் ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். எலும்பில் நோய் பரவியவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டு நடக்க வேண்டும். மெதுவான யோகாவும் மூச்சுப் பயிற்சியும் தியானமும் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் உதவுகின்றன. கட்டியைக் கரைக்கும் என்று எதிர்பார்த்துச் செய்யக் கூடாது. அன்றைய பொழுதை நன்றாகக் கழிக்க உதவும், அதுவே பெரிய லாபம். கிரிவலம் போக ஆசைப்பட்டால், பௌர்ணமிக் கூட்டத்தில் 14 கிலோமீட்டர் வேண்டாம். கூட்டமில்லாத நாளில், ரத்த வெள்ளணுக்கள் தேறியிருக்கும்போது, மருத்துவரைக் கேட்டு, முடிந்த தூரம்.

சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி எதை எடுத்தாலும் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ஒரு நோட்டில் பெயரும் அளவும் எழுதிக் கொண்டுபோங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும், சில கல்லீரலைச் சிரமப்படுத்தும். உணவில் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். மஞ்சள் சத்து மாத்திரை என்றால் கேட்டுவிட்டு.

அக்கம்பக்கத்தார் செய்யக்கூடியவை

நம் ஊரிலிருந்து சிகிச்சைக்கு வேலூர், புதுச்சேரி, சென்னை என்று போக வேண்டிவருகிறது. விடியற்காலை கிளம்பி இரவு திரும்பும் குடும்பத்துக்கு நாம் செய்யக்கூடியவை பல. அன்று பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடலாம். இரவுக்கு இட்லியோ ரசம் சாதமோ வைக்கலாம், நோயாளிக்கு இன்று எது இறங்கும் என்று கேட்டுவிட்டு. கீமோ நாட்களில் பச்சைக் காய்கறி சாலட், வெளியில் வெட்டி வைத்த பழம் தவிர்க்கலாம். சூடாகச் சமைத்ததே நல்லது. லிஃப்ட் பக்கத்தில் ஒரு நாற்காலி போடலாம். அந்த வீட்டு மாடியில் மதிய வேளையில் டிரில்லிங் வேலையைத் தள்ளி வைக்கலாம். சளி, காய்ச்சல் இருந்தால் பார்க்கப் போகாமல் போனில் பேசலாம். போனால் பத்து நிமிடம் போதும். ஆசிரமத்து வரிசை நமக்கு வழி காட்டுகிறது. பார்த்தோம் என்பது அவருக்கும் நமக்கும் வேண்டும், நீண்ட பேச்சு வேண்டாம்.

கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-ல் சில மருத்துவர்களும் நண்பர்களும் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போகிற அளவுக்கு வளர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள் அல்லர். தலை வாரிவிடுபவர், புண்ணைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டவர், ரேஷன் வாங்கித் தருபவர், சும்மா உட்கார்ந்திருப்பவர். ஒரு குடியிருப்புக்குள் இதற்குத் தனி அமைப்பே தேவையில்லை. மூன்று குடும்பங்கள் முறை போட்டுக்கொண்டால் போதும்.

கேட்கக் கூடாத கேள்வி

கடைசியாக ஒன்று. புற்றுநோய் வந்தவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் நாம் அறியாமலே ஒரு கேள்வி கேட்கிறோம். என்ன சாப்பிட்டீர்கள், டென்ஷன் அதிகமோ, எப்போதிலிருந்து வாக்கிங் போகவில்லை, ஜாதகம் பார்த்தீர்களா? ஆறுதலாகத்தான் கேட்கிறோம். ஆனால் கேட்பவர் காதில் அது, நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்டீர்கள் என்றுதான் விழும்.

புகையிலையும் மதுவும் சில புற்றுநோய்களுக்குக் காரணம் என்பது உண்மை, அவற்றை விடச் சொல்வது நம் கடமை. ஆனால் எல்லாப் புற்றுநோய்க்கும் வாழ்ந்த விதத்தில் காரணம் தேட முடியாது. அளவாகச் சாப்பிட்டு, தினமும் நடந்து, எதிலும் கலங்காமல், இந்த மலையடிவாரத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒருவருக்கும் அது வந்தது. நல்ல உணவும் நடையும் தியானமும் நோய் வராமலிருக்க எழுதி வாங்கிய உத்தரவாதம் அல்ல. நோய் வந்த பிறகும் ஒவ்வொரு நாளையும் ஒரு நாளாக வாழ்வதற்கான துணை அவை.

எனவே அடுத்த முறை நம் பிளாக்கில் ஒருவருக்கு இந்த நோய் வந்தது என்று தெரிந்தால், காரணம் கேட்க வேண்டாம், மருந்து ஃபார்வர்டு செய்யவும் வேண்டாம். நாளை ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், காலை டிபன் நான் கொண்டுவரட்டுமா என்று கேட்போம். உதவி செய்ய முன்வருவோர், உதவி தேவைப்படுவோர் இருவரும் சங்க அலுவலகத்தில் உள்ள நோட்டில் ஃபிளாட் எண்ணை மட்டும் எழுதினால் போதும். விவரங்கள் நோட்டீஸ் போர்டிலும் குழுவிலும் வராது.